அட்ஜர்ன் என்ற வார்த்தையும் என் நாத்தனார் தலைமுடியும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் கிளாஸ் வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன், அதிலும் பாதி நாள் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கடுதாசி எழுத உட்கார்ந்தால் க்ஷேமம் விசாரித்து இரண்டு வரியில் நின்றுபோகும். மறதியும் வந்துவிட்டது. காலையில் குழம்புக்கு உப்புப் போட்டேனா என்பது மத்தியானம் நினைவில்லை. முப்பது, முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தி நடந்தவை மட்டும் கண்ணில் நிற்கின்றன, தேதிகள் குழம்புகின்றன. எழுதச் சொன்னவள் என் நாத்தனார். அவள் கதையை அவளே எழுத வெட்கமாம். எனக்கு மட்டும் வெட்கமில்லையா என்று கேட்டேன். "உன் வெட்கம் ஊரறிஞ்சது மன்னி, எழுதினாக் கொறையாது" என்கிறாள்.

எனக்கு முழுசாகத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுதான். அட்ஜர்ன். மற்றதெல்லாம் ரயில், தபால், லாந்தர் மாதிரி எல்லாருக்கும் தெரிந்தவை. இந்த ஒன்று மட்டும் எங்கிருந்து வந்தது, முதலில் என்ன அர்த்தம், பிறகு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

எங்காத்துக்காரர் வக்கீல் குமாஸ்தா. மலையாள தேசத்தில், ஸ்ரீவராகத்தில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் அகம். காலையில் கேஸ் கட்டுகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வஞ்சியூர் கோர்ட்டுக்கு நடப்பார். சாயங்காலம் வந்து கால் அலம்புவார். நான் கல்யாணமாகி வந்த புதிதில், அவரோடு என்ன பேசுவது என்று தெரியாமல், காப்பியை வைத்துவிட்டு, "இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பேன்.

"அட்ஜர்ன்" என்பார்.

அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். அது ஜெயித்ததற்கு ஒரு பெயர் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்ததற்குக் காரணம் இருந்தது. கல்லாறு பக்கத்திலிருந்து ஒரு கட்சிக்காரர் வருவார், மலையடிவாரத்தில் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் எல்லைத் தகராறு. ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, "கேஸ் அவதிக்கு வெச்சு, சாமி" என்று மலையாளத்தில் சொல்லி, ஒரு வாழைக்குலையையோ ஒரு பொட்டலம் மிளகையோ வைத்துவிட்டுப் போவார். முகத்தில் வருத்தமே இருக்காது. ஜெயிக்காதவன் குலை கொண்டுவருவானா?

ஆறு மாசம் கழித்துத்தான் இவரிடம் கேட்டேன். எத்தனை தடவை ஜெயித்தால் அந்த மனுஷருக்கு நிலம் கிடைக்கும் என்று. இவர் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. பிறகு விளக்கினார். மலையாளத்தில் அவதி, திருநெல்வேலிக்காரர்களுக்கு வாய்தா, ஜட்ஜிக்கு அட்ஜர்ன், எல்லாம் ஒன்றுதான், கேஸை இன்னொரு நாளுக்கு வைப்பது என்று. அண்ணன் தம்பி இரண்டு பேருக்குமே கேஸ் முடிவதில் அவசரமில்லையாம். முடிந்தால் யாராவது ஒருவர் தோற்க வேண்டும். முடியாத வரைக்கும் இரண்டு பேரும் ஒரே வண்டியில் கோர்ட்டுக்கு வந்து, ஒரே கடையில் சாப்பிட்டு, ஒரே வண்டியில் திரும்பிப் போவார்களாம்.

அன்றிலிருந்து அந்த வார்த்தை அடுக்களைக்கு வந்துவிட்டது. சேனை வேகாவிட்டால் அட்ஜர்ன். மழையில் அப்பளம் காயாவிட்டால் அட்ஜர்ன்.

இவர் என்னைத் திருத்துவார். "வெறுமே அட்ஜர்ன்னு சொல்லப்படாது. என்னிக்கு?"

"என்னிக்குன்னா?"

"நாள் சொல்லணும். அப்பளம் வெள்ளிக்கிழமைக்கு அட்ஜர்ன். அப்படிச் சொன்னாத்தான் அது அட்ஜர்ன். நாள் சொல்லலேன்னா அது சும்மா சோம்பல்."

இதில் அவர் விளையாடவில்லை. அவர் தொழிலே அதுதான். வக்கீல் எழுந்து நின்று இங்கிலீஷில் பேசுவாராம், ஆனால் அடுத்த நாளைக் கண்டுபிடித்து அவர் கையில் சீட்டாகக் கொடுப்பது குமாஸ்தா. காரணத்தை ஒரு வரியில் எழுதுவார், நாளைப் பெரிய எழுத்தில் எழுதுவார். காரணத்தை ஜட்ஜி காதில் வாங்குவதில்லை, டயரியைப் புரட்டி அந்த நாள் காலியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார் என்பார். இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்கிற வக்கீல் மேல் ஜட்ஜிக்குக் கோபம் வருமாம். நாளோடு வருகிறவனை ஒன்றும் சொல்லமாட்டாராம்.

அவர் வக்கீல் புது அகராதி வாங்கினபோது பழையதை இவருக்குக் கொடுத்துவிட்டார். அட்டை போய், முதல் இரண்டு மூன்று பக்கமும் போய், செங்கல் மாதிரி இருக்கும். கோர்ட்டு இல்லாத நாளில் அதை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்காருவார். ஒரு நாள் இந்த வார்த்தையையே எடுத்துப் படித்தார். இங்கிலீஷ்காரன் இதைப் பிரெஞ்சுக்காரனிடமிருந்து எடுத்தானாம், பிரெஞ்சுக்காரன் லத்தீனிலிருந்து. 'ஜோர்' என்றால் நாள். குறித்த ஒரு நாளுக்கு என்பதுதான் மூலம். அதோடு இன்னொன்றும் போட்டிருந்தது. ஆதியில் அதற்கு ஒத்திப்போடுவது என்ற அர்த்தமே இல்லையாம். ஒருத்தரை இன்ன நாளில் வந்து நில் என்று அழைப்பதுதானாம். அப்படி நாள் குறித்துக் குறித்தே, அது தள்ளிவைப்பதாக ஆகிவிட்டது.

இது படித்த நாளில் நாத்தனாரும் எங்களோடு இருந்தாள், அதனால் அவள் வந்த பிறகுதான் என்று நினைவு. உள்ளே இருந்துகொண்டே கேட்டாள். "அப்போ பாயசம் ஜோரா இருக்குன்னா நாளா இருக்குன்னு அர்த்தமா அண்ணா?"

"அது வேற ஜோர். நீ சும்மா இரு."

"வேற என்ன வார்த்தை இருக்கு, தள்ளிப்போட?"

இவர் உற்சாகமாகப் பக்கம் புரட்டினார். போஸ்ட்போன் என்று ஒன்று, அது வெறுமே பின்னால் வைப்பது, எத்தனை பின்னால் என்று சொல்லாது. இன்னொன்று என் வாயில் நுழையாது, அதற்குள்ளே லத்தீனில் நாளைக்கு என்ற சொல் இருக்கிறதாம், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறவனைத் திட்டுவதற்கு. அது சோம்பேறிகள் வார்த்தை, கோர்ட்டில் செல்லாது என்று சொல்லிப் புஸ்தகத்தை மூடினார். அப்போது எங்கள் ஆத்தில் ஒத்திப்போட வேண்டியது ஒன்று இருந்தது, எங்கள் மூன்று பேருக்குமே அது தெரியும்.

அதைச் சொல்ல வேண்டும்.

நாத்தனாரைத் திருநெல்வேலிப் பக்கம் கொடுத்திருந்தது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம், அவளுக்குப் பதினெட்டு நடக்கும்போது, அந்தப் பிள்ளை விஷ ஜுரத்தில் போய்விட்டார். அதே ஜுரம் இவளுக்கும். பத்தாம் நாள் தலைமுடியை எடுக்க வேண்டியது வழக்கம். நினைவில்லாமல் கிடக்கிறவளை உட்கார வைக்க முடியவில்லை. ஜுரம் கொஞ்சம் தணிந்ததும், மீதியை உங்கள் ஆத்திலேயே செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இவர் போய் வில்வண்டியில் அழைத்துவந்தார். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கமாக உள்ளே வந்தாள். ஜுரத்தில் இளைத்து முகம் கையளவு இருந்தது. முடி மட்டும் அப்படியே இருந்தது, முழங்கால் வரைக்கும்.

எங்கள் ஆத்துக்குத் தலை, இவருடைய பெரியப்பா. மாமனார் மாமியார் இரண்டு பேரும் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். இவரையும் நாத்தனாரையும் வளர்த்தவர் அவர்தான். கோவிலில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர், ஆசாரம் அதிகம். தலைமுடி வைத்துக்கொண்டிருக்கிற விதவை கையால் ஒரு வாய் ஜலம் வாங்கமாட்டார். அதனால் அவர் சாப்பிடும் நேரத்தில் நாத்தனார் அடுக்களைப் பக்கம் வரக்கூடாது, பின்கட்டு அறையில் இருப்பாள். அவர் கொடியவர் இல்லை. அவள் வந்த அன்று அவரும் துக்கத்தில் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் இவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "தெருவிலே கேப்பா. மாசம் தாண்டறதுக்குள்ளே நடத்திடணும்."

அன்று மத்தியானம் நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். எண்ணெய் இல்லாமல் சிக்குப் பிடித்திருந்தது.

"இதை வாராதே மன்னி. எடுக்கப்போறதை வாருவாளோ?"

"சிக்கா இருக்கே."

கொஞ்சம் கழித்து, "எனக்குக் கத்தின்னா பயம்" என்றாள். "சின்ன வயசிலேயே காது குத்தறச்சே ஓடினவ நான். அண்ணாகிட்டே சொல்லாதே."

சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் சொல்வது.

இவர் பெரியப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் இல்லை. நானோ அவர் எதிரில் நின்றதே கிடையாது, கதவுக்குப் பின்னால்தான். இரண்டு கோழைகள் அந்த வீட்டில் குடித்தனம் பண்ணினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவருக்கு ஒரு தொழில் தெரியும். மறுநாள் காலை பெரியப்பா பூஜை முடித்து வந்ததும் முன்னால் போய் நின்றார்.

"ஜுரம் இப்பத்தான் விட்டிருக்கு பெரியப்பா. தலையிலே ஜலம் பட்டா திரும்பும். வைகாசி பன்னண்டாம் தேதி வெச்சுக்கலாம்."

பெரியப்பா பஞ்சாங்கத்தை எடுத்தார், விரலால் தடவிக்கொண்டே போனார், பார்த்தார். "ஆட்டே" என்றார். ஆகட்டும் என்பதை அவர் எப்போதும் மலையாளத்தில்தான் சொல்வார். பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

வைகாசி பன்னண்டுக்கு நான்கு நாள் முந்தி இவர் மறுபடி போய் நின்றார். எனக்கு மூன்றாம் மாசம், வாந்தி, ஆத்தில் அந்தக் காரியம் வேண்டாம், ஆடி கழிந்து ஆவணி பத்து. ஆவணியில் என்ன காரணம் சொன்னார் என்று மறந்துவிட்டேன். அதற்கடுத்தது எனக்குப் பிரசவம். ஒவ்வொரு தடவையும் நாள் வருவதற்கு முன்னாலேயே போய்விடுவார், வந்த பிறகு கேட்கமாட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி.

தெருவில் பேசாமல் இருப்பார்களா. எதிராத்தில் ஓர் அத்தை இருந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயசிருக்கும், பதினாறில் விதவையாகித் தலைமுடியை எடுத்துவிட்டவள். குளத்தங்கரையில் என்னைப் பார்த்தால் விடமாட்டாள்.

"என்னடி, உங்காத்துக் கேஸ் எந்தக் கோர்ட்டிலே இருக்கு?"

நான் துணியை அலசுவேன்.

"கீழ்க் கோர்ட்டா, மேல் கோர்ட்டா? வாயைத் தொறயேன். மாமியார் இல்லாத ஆத்திலே வாழறவ, இத்தனை பயமா உனக்கு?"

"துலாம் பதினெட்டுக்கு வெச்சிருக்கு அத்தை" என்றேன் ஒரு நாள், தலையைத் தூக்காமல். துலாம் என்றால் நம் ஐப்பசி. நாளைச் சொன்னதும் அவளுக்கு மேலே கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. சரி, நாள் வைத்தாகிவிட்டது என்று மற்றவர்களும் துணி துவைக்கத் திரும்பிக்கொண்டார்கள். எனக்கே ஆச்சரியம். தெருவுக்கு வேண்டியிருந்ததும் அந்த நாள்தான்.

இனி அந்த மாசி மாசம்.

அவள் வந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிவிட்டது. வருஷம் தாண்டக்கூடாது என்று பெரியப்பா உறுதியாக இருந்தார். மாசி ஏழு என்று நாளை இந்தத் தடவை அவரே வைத்தார். புரோகிதம் பண்ணுகிற வாத்தியாருக்கு அவரே சொன்னார், சங்கல்பம் செய்து வைக்க. நாவிதருக்குச் சொல்லும் வேலையை இவரிடம் விட்டார். அந்தச் சமயத்தில்தான் வக்கீலுக்கு நாகர்கோவில் கோர்ட்டில் ஒரு விசாரணை, இவரும் கூடப் போக வேண்டியதாயிற்று. இவரால் அதை மட்டும் ஒத்திப்போட முடியவில்லை. வண்டி ஏறுவதற்கு முன் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"நான் எட்டாம் தேதி சாயங்காலத்துக்குள்ளே வந்துடுவேன். அதுக்குள்ளே நடத்தப் பார்த்தா, நீதான் கேக்கணும்."

"நானா?"

"பாறசாலையிலே தூரத்துப் பங்காளி ஆத்திலே ஒருத்தர் போயிட்டார், புலை, நமக்கும் மூணு நாள் தீட்டு, கடுதாசி வந்திருக்குன்னு சொல்லு. பங்குனி இருபதுன்னு கேளு. காரணம் முந்தி, நாள் பிந்தி."

அவர் போன பிறகு நான் மாவு அரைக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பாறசாலை, பங்காளி, புலை, பங்குனி.

ஏழாம் தேதி விடிந்தது. நாத்தனார் ஸ்நானம் செய்து, சாப்பிடாமல், முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் வந்தார். நாவிதர் வரவில்லை. வெயில் ஏறியது. பெரியப்பா முன்னுக்கும் பின்னுக்குமாக நடந்தார். வாத்தியார் எழுந்துவிட்டார்.

"நாளைக்கு எனக்கு மணக்காட்டிலே ஒரு சிராத்தம். அதுக்கப்புறம் பார்த்துக்கலாம். அவன் எங்கே போய்த் தொலைஞ்சான்னு கேட்டு வைங்கோ."

மறுநாள் காலை, கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் நாவிதர், பெட்டியோடு. நல்ல மனுஷர், மலையாளி. பெரியப்பா அவரை ஏன் நேற்று வரவில்லை என்று கேட்க, அவர் திகைத்துப்போய், "இன்னல்லே ஸ்வாமி கும்பம் ஏழு?" என்றார். இன்றுதானே ஏழு என்கிறார்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. எங்களுக்கு மாசி, மலையாளத்துக்காரர்களுக்குக் கும்பம். இரண்டும் ஒரே மாசம்தான். ஆனால் மாசம் பிறக்கிற நாழிகையைக் கணக்குப் பார்க்கும் விதம் இரண்டு பஞ்சாங்கத்துக்கும் வேறு. சில மாசங்களில் தமிழ் மாசம் ஒரு நாள் முந்திப் பிறந்துவிடும். வாத்தியார் தமிழ்ப் பஞ்சாங்கத்து ஏழுக்கு வந்தார், நாவிதர் மலையாள ஏழுக்கு வந்தார். இந்த ஊரில் எங்களுக்கு மட்டுமே வரக்கூடிய குழப்பம் இது. ஆபீசுக்கு ஒரு தேதி, திவசத்துக்கு ஒரு தேதி என்று வாழ்கிறவர்கள் நாங்கள். இவர் வேண்டுமென்றுதான் கும்பம் என்று சொல்லிவிட்டுப் போனாரா, தெரியாமலா? பின்னாளில் எத்தனையோ தடவை கேட்டேன், சிரிப்பார்.

பெரியப்பா நாவிதரைக் கிணற்றடிக்குப் போகச் சொன்னார். பிறகு, "ஆட்டே, வந்தது வந்தாச்சு. வாத்தியார் இல்லேன்னா என்ன, சங்கல்பம் நானே சொல்லிவைக்கறேன்" என்றார். பூணூலைச் சரிசெய்துகொண்டு கூடத்தில் ஜலப் பாத்திரத்தை எடுத்தார்.

நாத்தனார் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "போறது மன்னி. இன்னொரு நாள், இன்னொரு நாள்னு இருக்கறதுக்கு இது மேல். நீ கஷ்டப்படாதே."

நான் கூடத்துக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். "சொல்லணும்" என்றேன். கதவைப் பார்த்துத்தான் சொன்னேன்.

பெரியப்பா திரும்பினார். நான் அவரோடு பேசியது அதுதான் முதல் தடவை, கல்யாணமாகி நான்கு வருஷத்தில். "யாரு? என்ன?" என்றார்.

பாறசாலை போய்விட்டது. பங்காளி போய்விட்டது. புலை, கடுதாசி எதுவும் வாயில் வரவில்லை. இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லி வைத்ததில் கடைசி வார்த்தை மட்டும் மிச்சம்.

"பங்குனி இருபது" என்றேன்.

ஏன் என்று கேட்பார், நான் அழுவேன், நாவிதர் பெட்டியைத் திறப்பார் என்று நினைத்தேன். பெரியப்பா பஞ்சாங்கத்தை எடுக்கிற சத்தம் கேட்டது. தாள் புரண்டது.

"பங்குனி இருபதா, மீனம் இருபதா?"

அந்த மாசம் எது முந்தி, எது பிந்தி என்று எனக்கு எப்படித் தெரியும். "பிந்தி வரது எதுவோ அது" என்றேன்.

அவர் ஒரு மாதிரி தொண்டையைக் கனைத்தார். அது இருமலா வேறெதுவுமா என்று கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்ல முடியவில்லை. "ஆட்டே" என்றார். பிறகு கொல்லைப்பக்கம் பார்த்து, "பொய்க்கோடா. மீனம் இருபதினு வா" என்று நாவிதரை மீனம் இருபதுக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்.

எதற்காக என்று கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், ஒரு நாள் தாமசமாக வந்து சேர்ந்த இவரிடம், காரணத்தை மறந்துவிட்டேன், நாளை மட்டும் சொன்னேன் என்று அழுதேன். இவர் கால் கூட அலம்பாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் பதினஞ்சு வருஷமா காரணம் எழுதறேன்" என்றார். "அதை யாரும் படிக்கலேன்னு தெரியும். ஆனா எழுதாம கேக்கற தைரியம் எனக்கு வந்ததில்லே."

அதற்குப் பிறகு எங்கள் ஆத்தில் காரணம் சொல்வது நின்றுபோயிற்று. நாள் வருவதற்கு முன் நான் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். இது என் வேலையாகிவிட்டது. ஒரு நாளைச் சொல்வேன், ஒரு புள்ளி விழும். ஒரு தடவை நான் மீனத்தில் ஏதோ தேதி சொல்ல, பெரியப்பாவே, "அன்னிக்குக் கோவில்லே ஆறாட்டு, ஸ்வாமி ஊர்வலம். தெருவெல்லாம் கூட்டம். மேடம் கழியட்டும்" என்றார், சித்திரை போகட்டும் என்று. நான் அடுக்களைக்குப் போய் நாத்தனாரிடம் சொன்னேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவளுக்குச் சிரிப்புத் திரும்பி வந்தது அந்த நாட்களில்தான். அண்ணா மடியிலிருந்த செங்கல் புஸ்தகத்தை அவள் பின்கட்டு அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். என்னை விட ஒரு கிளாஸ்தான் கூடப் படித்தவள், எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பாள்.

எதிராத்து அத்தை கேலியை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு நாள் குளத்தில் வேறு யாரும் இல்லை. ஈரத் துணியைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டாள்.

"நாப்பது அத்தை."

"எனக்குன்னு ஒரு நாள் கேட்க அப்போ ஆளில்லே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கு என்கிற மாதிரி சொன்னாள். படி ஏறிப் போய்விட்டாள்.

ஐந்து வருஷமோ ஆறு வருஷமோ இப்படிப் போயிற்று. பெரியப்பாவுக்கு வயிற்றுக்கடுப்பு வந்து படுத்தார். பத்து நாள் சாதம் இறங்கவில்லை. எனக்கு அப்போது மூன்றாவது குழந்தை கைக்குழந்தை. நான் கஞ்சி வைத்து, குழந்தையை இறக்கிவிட்டு, அவருக்குக் கொடுத்து, மறுபடி ஓடுவேன். ஒரு மத்தியானம் குழந்தை விடவில்லை, அலறுகிறது. கஞ்சி அடுப்படியில் இருக்கிறது. கதவுக்குப் பின்னாலிருந்து, "இதோ வரேன்" என்றேன்.

"அவ எங்கே?" என்றார் பெரியப்பா.

"யாரு?"

"இருக்காளே பின்கட்டிலே. அவளைக் கொண்டுவரச் சொல்லு."

எனக்குத் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று பயம். ஆறு வருஷம் அவர் வாங்காத கை அது. படுத்திருக்கிறவர், நினைவு தப்பிப் பேசுகிறாரோ, பிறகு தெரிந்து வருத்தப்படுவாரோ. அந்தப் பயத்தில் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். "விருச்சிகம் ஒன்பதுக்கு வெச்சிருக்கு. இன்னும் பன்னண்டு நாள் இருக்கே" என்றேன்.

"நாள் இருந்தா இருக்கட்டும்" என்றார். "கஞ்சி ஆறிடும்."

நாத்தனார் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். பின்னல் பெரிது, முந்தானைக்குள் அடங்காது. அப்படியே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் குழந்தையோடு கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அவர் கையை நீட்டி வாங்கவில்லை. வாயைத் திறந்தார். அவள் ஸ்பூனால் கொடுத்தாள். பாதிக் கஞ்சி போனபிறகு, "உப்பு போறாது" என்றார்.

"அது மன்னி வெச்சது" என்றாள் அவள்.

அந்த விருச்சிகம் ஒன்பது வந்து போயிற்று. நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை, அவரும் பஞ்சாங்கத்தை எடுக்கவில்லை. நாவிதருக்கு ஆள் போகவில்லை. பெரியப்பா தேறி எழுந்து இன்னும் நான்கு வருஷம் இருந்தார், அவளே சமைத்தாள், என்னைவிட உப்பு சரியாகப் போடுவாள். நாள் குறிக்காமல் தள்ளிவைப்பதற்கும் கோர்ட்டில் ஒரு லத்தீன் பேர் உண்டு என்று இவர் சொன்னார். ஒரு நாளுக்கு என்று அர்த்தமுள்ள வார்த்தையை நாளே இல்லாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "அதை இங்கிலீஷ்காரன்கிட்டே கேளு" என்றார். யாரைக் கேட்பது. இவரும் போய் ஏழு வருஷமாகிறது.

நாத்தனாருக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. முடி பாதி வெளுத்து, நீளமும் குறைந்து, கொண்டையாகப் போட்டுக்கொள்கிறாள். கழுத்து வலிக்கிறது, கத்தரித்துப் போட்டால் தேவலை என்று அவளே சொல்வாள், பிறகு எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போய்விடுவாள்.

நான் எழுதினதை அவளிடம் படித்துக் காட்டினேன். நாவிதர் வந்தது கும்பம் ஏழு இல்லை, ஒன்பது என்கிறாள். பங்குனி இருபது என்று நான் சொல்லவில்லை, இருபத்திரண்டு என்றேனாம். அகராதியில் ஆதி அர்த்தம் அழைப்பது என்று போட்டிருந்ததா, ஆஜராவது என்று போட்டிருந்ததா, அதிலும் எங்களுக்குள் தகராறு. புஸ்தகத்தைப் பார்க்கலாம் என்றால் அந்தப் பக்கத்தைச் செல்லரித்துவிட்டது. ஆகையால் படிக்கிறவர்களில் நல்ல அகராதி வைத்திருப்பவர்கள் அந்த வார்த்தையைப் பார்த்து, நான் எழுதினது சரிதானா என்று சொல்ல வேண்டும். பழைய பஞ்சாங்கம் இரண்டும், தமிழும் மலையாளமும், யாரிடமாவது இருந்தால், ஐரோப்பாவில் முதல் யுத்தம் தொடங்கினதற்கு முந்தின வருஷமோ அதற்கு முந்தினதோ, எந்த வருஷத்தில் மாசி கும்பத்துக்கு ஒரு நாள் முந்திப் பிறந்தது என்று பார்த்துத் திருத்திக் கொடுக்கவும். ஏழா ஒன்பதா என்பது மட்டும் தெரிந்தால்கூடப் போதும், அவள் என்னை விடமாட்டேன் என்கிறாள்.